அமெரிக்க செனட்டின் ஒரு நாள் அலுவலைப் பிழையின்றிப் பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரவுப் பணியில் அமர்ந்து வாஷிங்டனிலிருந்து வரும் செனட் செய்திகளைத் தமிழில் எழுதும் வேலையைப் புதியவர்கள் சிலருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே நான்கைந்து இடங்களில்தான் இடறினார்கள். ஆங்கிலம் புரியாமல் வந்த பிழைகள் குறைவு. கண்முன் நடக்கும் வாக்கெடுப்பு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல், இடைக்கட்டத்தை முடிவாக எழுதிய பிழைகளே அதிகம். மசோதாக்களும் நியமனங்களும் ஒரே நாளில் மாறிமாறி வரும் அவை அது. ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்து பழகுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு ஆவணங்கள் போதும்; நான்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது, காங்கிரஷனல் ரெக்கார்டு எனப்படும் அவைப் பதிவேடு. அவை கூடிய நாளுக்கு மறுநாள் காலையில் அது வெளிவரும். செனட் பக்கங்களின் எண்ணுக்கு முன்னால் எஸ் என்ற எழுத்தும், பின்னிணைப்பாக வரும் டெய்லி டைஜஸ்ட் என்ற சுருக்கப் பக்கங்களுக்கு டி என்ற எழுத்தும் இருக்கும்.

இரண்டாவது, மசோதாக்களுக்கான அலுவல் பட்டியல். மூன்றாவது, நியமனங்களும் ஒப்பந்தங்களும் இடம்பெறும் எக்ஸிகியூட்டிவ் காலண்டர். இவை இரண்டும் தனித்தனி ஆவணங்கள் என்பதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு தூதரின் பெயரை மசோதாப் பட்டியலில் அரை மணி நேரம் தேடியவரை எனக்குத் தெரியும். நான்காவது, செனட்டின் இணையதளத்தில் உள்ள வாக்கெடுப்பு அட்டவணை. இதன் வரிசை எண் ஆண்டுதோறும் 1 முதல் புதிதாகத் தொடங்கும் என்பதால், எண்ணைக் குறிக்கும்போது ஆண்டையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

நேரலையும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். காரணம் 9ஆம் பகுதியில் வருகிறது.

## 2. ஏமாற்றும் சொற்களை முதலில் ஒதுக்கிக்கொள்ளுங்கள்

சட்டமன்றச் செய்திகளைத் தமிழில் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் இந்தப் படி அதிகம் தேவை. நம் அவைகளில் ஒரு பொருள் தரும் சொல், அங்கே வேறு பொருள் தரும்.

‘டேபிள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை மேசையில் வைக்கப்பட்டது என்றால் அது அவையின் பார்வைக்கு வந்துவிட்டது என்று பொருள். செனட்டில் ஒரு திருத்தத்தை மேசையில் வைத்தால் அதன் கதை முடிந்தது என்று பொருள். விவாதமின்றி அதைத் தள்ளிவிடும் வழி அது. ‘திருத்தம் தாக்கல் செய்யப்பட்டது’ என்று எழுதினால் உண்மை நேர்த்தலைகீழாகிவிடும்.

‘எக்ஸிகியூட்டிவ் செஷன்’ என்பதைச் செயற்குழுக் கூட்டம் என்றும், ரகசியக் கூட்டம் என்றும் எழுதியவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. குடியரசுத் தலைவர் அனுப்பிய நியமனங்களையும் ஒப்பந்தங்களையும் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு அவை மாறியிருக்கிறது என்பதே அதன் பொருள். கேமராவும் பார்வையாளர் மாடமும் அப்படியேதான் இருக்கும். இந்த வழிகாட்டியில் அதை நிர்வாக அமர்வு என்றும், மற்றதைச் சட்டமியற்றும் அமர்வு என்றும் குறிக்கிறேன். பின்னதைச் ‘சட்டமன்ற அமர்வு’ என்று எழுதிவிடாதீர்கள். படிப்பவருக்குச் சென்னைக் கோட்டைதான் நினைவுக்கு வரும்.

‘மார்னிங் பிசினஸ்’ மாலை நான்கு மணிக்கும் நடக்கும். மசோதாக்களை அறிமுகம் செய்யவும், எந்தப் பொருளைப் பற்றியும் சுருக்கமாகப் பேசவும் ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு அது பெயர். ‘ரெசஸ்’ என்பது மதிய உணவு இடைவேளையாகவும் இருக்கலாம், ஒரு மாத விடுப்பாகவும் இருக்கலாம். இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. அவை முறைப்படி ஒத்திவைக்கப்பட்டால்தான் அடுத்த ‘சட்டமியற்றும் நாள்’ பிறக்கும். வெறும் இடைவேளை விட்டுக் கலைந்தால் பழைய நாளே தொடரும். 1980ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி தொடங்கிய ஒரு சட்டமியற்றும் நாள் ஜூன் 12 வரை ஓடியது. விதிகளில் ‘ஒரு நாள் கழித்து’ என்று வரும்போது எந்த நாளைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

## 3. முந்தைய நாளின் கடைசிப் பக்கத்தில் தொடங்குங்கள்

புதியவர்கள் அன்றைய தினத்தின் முதல் பக்கத்தைத் திறக்கிறார்கள். நீங்கள் முந்தைய அமர்வின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். அவை கலைவதற்குச் சற்று முன் பெரும்பான்மைத் தலைவரோ அவர் சார்பில் ஒருவரோ எழுந்து, அடுத்த நாள் எத்தனை மணிக்குக் கூட வேண்டும், கூடியவுடன் எதை எடுக்க வேண்டும், எத்தனை மணிக்கு வாக்கெடுப்பு என்பதையெல்லாம் ஒரே மூச்சில் வாசித்து அவையின் ஒப்புதலைப் பெறுவார். எவரும் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே மறுநாளின் நிகழ்ச்சி நிரல்.

இதை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செனட்டில் பெரும்பாலான வேலைகள் அச்சிட்ட விதிப்படி நடப்பதில்லை. ஒருமனதான ஒப்புதல் என்ற ஏற்பாட்டின்படி நடக்கின்றன. 100 உறுப்பினர்களில் ஒருவர் ‘ஆட்சேபிக்கிறேன்’ என்றாலும் அந்த ஏற்பாடு உடைந்து, நீண்ட விதிமுறைப் பாதைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே முந்தைய நாள் பெற்ற ஒப்புதலைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய அவையைப் பார்ப்பவர், பாதியில் வந்து சேர்ந்தவரைப் போல விழிக்க நேரும்.

## 4. நேரத்தையும் தேதியையும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்

மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வாஷிங்டனைவிட இந்தியாவும் இலங்கையும் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம். திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கூடி மாலை 5.30க்கு வாரத்தின் முதல் வாக்கெடுப்பை நடத்துவது செனட்டின் நெடுநாள் வழக்கம். கோடையில் அந்த வாக்கெடுப்பு நமக்குச் செவ்வாய் அதிகாலை 3 மணி.

பாதுகாப்பு அமைச்சராக பீட் ஹெக்செத் ஒப்புதல் பெற்றது அங்கே 2025 ஜனவரி 24, வெள்ளி இரவு. இங்கே அப்போது சனிக்கிழமை காலை. வாஷிங்டன் தேதியை எழுதுவதா, நம் தேதியை எழுதுவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள். நான் எப்போதும் வாஷிங்டன் தேதியையே எழுதச் சொல்வேன். ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க அதுவே உதவும்.

## 5. திறப்புச் சடங்கைச் சீக்கிரம் கடந்து செல்லுங்கள்

அவைப் போதகரின் பிரார்த்தனை, கொடி உறுதிமொழி, இன்று தலைமை தாங்குபவர் இன்னார் என்று அறிவிக்கும் கடிதம், பிறகு இரு கட்சித் தலைவர்களின் உரை. இந்த வரிசையில் செய்தி பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இருக்கையில் அமர்ந்திருப்பவர் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தால் அன்று ஏதோ நெருக்கமான வாக்கெடுப்பு காத்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அவர்தான் செனட்டின் தலைவர் என்றாலும் அன்றாடம் வருவதில்லை. பெரும்பான்மைக் கட்சியின் இளைய உறுப்பினர்கள் முறைவைத்து அமர்கிறார்கள். வாக்குகள் சரிசமமாகும்போது மட்டுமே துணைக் குடியரசுத் தலைவருக்கு வாக்குரிமை. ஹெக்செத் நியமனத்தில் 50க்கு 50 என்று நின்றபோது ஜே.டி. வான்ஸ் அளித்த வாக்கே முடிவைத் தந்தது.

## 6. அவை இப்போது எந்த அமர்வில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சட்டமியற்றும் அமர்வு, வலப்பக்கம் நிர்வாக அமர்வு. அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துவிட்டு, அடுத்து நடப்பதை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே நாளில் நான்கைந்து முறை மாறுவது சாதாரணம்.

இது எதற்கு என்றால், இரண்டு பக்கத்துக்கும் வாக்குக் கணக்கு வேறு. மசோதா மீதான விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும். நியமனத்துக்குப் பெரும்பான்மையே போதும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெறும் எண்ணை மட்டும் பார்த்தால், 54க்கு 45 வென்றதா தோற்றதா என்றே சொல்ல முடியாது.

## 7. நியமனம்: முடிவுக்கு முந்தைய கட்டங்களைப் பிரித்தறியுங்கள்

இந்தப் பகுதியில்தான் பிழைகள் குவிகின்றன என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

குடியரசுத் தலைவர் ஒருவரைப் பரிந்துரைத்துச் செய்தி அனுப்பியதும் அதற்கு பி.என். என்று தொடங்கும் ஓர் எண் கிடைக்கிறது. உரிய குழுவுக்குப் பரிந்துரை போகிறது. நீதிபதி என்றால் நீதித்துறைக் குழு, தூதர் என்றால் வெளியுறவுக் குழு. குழு விசாரணை நடத்தி, பிறகு தனியாக ஒரு நாளில் வாக்களித்து, பரிந்துரையை அவைக்கு அனுப்புகிறது. அப்போதுதான் அது எக்ஸிகியூட்டிவ் காலண்டரில் ஏறி, இன்னொரு எண்ணையும் பெறுகிறது. இந்த இரண்டு எண்களையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; ஒருவர் முன்பு வேறு பதவிக்கும் பரிந்துரைக்கப்பட்டிருக்கலாம், பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பழைய பதிவில் போய் விழுவீர்கள்.

காலண்டரில் ஏறியபின் இரண்டு வழிகள். எவருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் ஒருமனதான ஒப்புதலிலோ குரல் வாக்கிலோ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்சேபம் இருந்தால் பெரும்பான்மைத் தலைவர் க்ளோச்சர் மனு தாக்கல் செய்ய வேண்டும். விவாதத்துக்கு முடிவு கட்டும் மனு அது. 16 உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை தாக்கல் செய்தால் செவ்வாய் இடைநாள். புதன்கிழமை அவை கூடி ஒரு மணி நேரம் கழித்து வாக்கெடுப்பு என்பது விதி. நடைமுறையில் அந்த நேரத்தை ஒருமனதான ஒப்புதலால் முன்பின்னாக மாற்றிக்கொள்வார்கள்.

க்ளோச்சர் வென்றால் நியமனம் உறுதியாகிவிட்டதா? இல்லை. விவாதத்துக்கு உச்சவரம்பு விழுந்திருக்கிறது, அவ்வளவே. அந்த வரம்பு பதவியைப் பொறுத்தது. அமைச்சர்கள், மேல்முறையீட்டு நீதிபதிகள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோருக்கு 30 மணி நேரம் வரை. மாவட்ட நீதிபதிகளுக்கும் அமைச்சர் நிலைக்குக் கீழுள்ள பெரும்பாலான பதவிகளுக்கும், 2019 ஏப்ரலில் செய்த மாற்றத்துக்குப் பின், 2 மணி நேரம். அதற்குப் பிறகே ஒப்புதல் வாக்கெடுப்பு.

உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட நீதிபதி கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனின் நியமனத்தை வைத்தே நான் இதைக் கற்பிக்கிறேன். 2022 ஏப்ரல் 4 அன்று நீதித்துறைக் குழுவில் வாக்குகள் 11க்கு 11 எனச் சமமாயின. குழுவிடமிருந்து பரிந்துரையை விடுவிக்க அன்று மாலையே முழு அவையும் வாக்களித்தது: 53க்கு 47. ஏப்ரல் 7 காலையில் க்ளோச்சர்: 53க்கு 47. அன்று பிற்பகலில் ஒப்புதல்: 53க்கு 47. மூன்று வாக்கெடுப்பு, மூன்றிலும் ஒரே எண். எண்ணை மட்டும் பார்த்து எழுதுபவர் திங்கட்கிழமையே அவரை உச்ச நீதிமன்றத்தில் உட்காரவைத்திருப்பார். 30 மணி நேரம் இருந்தும் சில மணி நேரத்திலேயே இறுதி வாக்கெடுப்பு நடந்ததற்கும் ஒருமனதான ஒப்புதலே காரணம். கடைசி வாக்கெடுப்பில் ஓர் உறுப்பினர் வந்து சேரும்வரை முடிவை அறிவிக்காமல் காத்திருந்தார்கள். 15 நிமிடம் என்று பெயருக்குச் சொல்லப்படும் வாக்கெடுப்புகள் அங்கே இப்படித்தான் நீளும்.

எல்லா நியமனமும் மல்லுக்கட்டில் முடிவதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் வேண்டும். திருநெல்வேலி வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ ஸ்ரீனிவாசன், வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2013 மே 23 அன்று 97க்கு 0 என்ற வாக்கில் ஒப்புதல் பெற்றார்.

ஒப்புதல் கிடைத்தாலும் பதவியேற்பு வேறு. வாக்கெடுப்புக்குப் பின் குடியரசுத் தலைவருக்குத் தகவல் போய், ஆணை கையெழுத்தாகி, உறுதிமொழி எடுத்த பிறகே அவர் பொறுப்பில் இருக்கிறார். ‘பதவியேற்றார்’ என்ற வினையை அன்றைய செய்தியில் பயன்படுத்தாதீர்கள்.

## 8. தேங்கும் நியமனங்களையும் மொத்த நியமனங்களையும் தனியே பாருங்கள்

காலண்டரில் ஒரு பெயர் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் ‘ஹோல்ட்’ இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். ஒருமனதான ஒப்புதலுக்கு உடன்பட மாட்டேன் என்று ஓர் உறுப்பினர் தம் கட்சித் தலைமைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் அது. சட்டப்படி அது நியமனத்தைத் தடுக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் க்ளோச்சர் பாதையில் போகும் நேரம் அவைக்கு இல்லை என்பதால் நடைமுறையில் தடுத்துவிடும். 2023 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை செனட்டர் டாமி டியூபர்வில் இப்படி மறுத்ததால் 400க்கும் மேற்பட்ட ராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வுகள் தேங்கின. டிசம்பர் 5 அன்று அவர் பெரும்பாலானவற்றை விடுவித்ததும், அன்றே குரல் வாக்கில் அத்தனையும் முடிந்தன.

ராணுவ, வெளியுறவுப் பணி உயர்வுகளில் கீழ்நிலைப் பட்டியல்கள் காலண்டரில் ‘செயலாளரின் மேசை’ என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியாக இருக்கும். அந்த ஒரு வரிக்குள் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கலாம். ‘இன்று 5 நியமனங்கள்’ என்று வரிகளை எண்ணி எழுதாதீர்கள்.

2025 செப்டம்பரில் இன்னொரு பாதையும் திறந்தது. அமைச்சர் நிலைக்குக் கீழுள்ள, நீதித்துறை சாராத நியமனங்களைப் பெரும்பான்மை வாக்கால் ஒரே கட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று பெரும்பான்மைக் கட்சி முன்மரபை மாற்றியது. செப்டம்பர் 18 அன்று 48 பேர், அக்டோபர் 7 அன்று 107 பேர் ஒரே வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றனர். இரண்டு முறையும் 51க்கு 47. இந்த முறையில் கட்டாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் தீர்மானத்தின் மீது முதலில் வாக்கெடுப்புகள் நடக்கும். அந்தத் தீர்மானம் நிறைவேறியதை நியமன ஒப்புதல் என்று எழுதுவது இப்போது புதிதாகத் தோன்றியுள்ள பிழை.

இந்திய வாசகருக்கு இந்த மாற்றத்தை விளக்க டெல்லித் தூதர் பதவியே போதும். எரிக் கார்செட்டி 2021 ஜூலையில் பரிந்துரைக்கப்பட்டார். அவருடைய அலுவலக உதவியாளர் ஒருவர் மீதான புகாரைச் சுட்டிச் சில உறுப்பினர்கள் எதிர்த்ததால் முழு அவையில் வாக்கெடுப்பே நடக்காமல் அந்தக் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) இரண்டாண்டுக் காலம் முடிந்தது. விதிப்படி பரிந்துரை திருப்பி அனுப்பப்பட்டு, 2023 ஜனவரியில் மறுபடி வந்து, மார்ச் 15 அன்று 52க்கு 42 என்று ஒப்புதல் பெற்றது. அடுத்து வந்த செர்ஜியோ கோர் அந்த 107 பேரில் ஒருவராகவே ஒப்புதல் பெற்றுவிட்டார். அவர் பெயரை அன்றைய வாக்கெடுப்பு அட்டவணையில் தனியாகத் தேடினால் கிடைக்காது. கட்டின் பட்டியலில்தான் இருக்கும்.

## 9. கோரம் அழைப்பைக் கண்டு பதறாதீர்கள்

நேரலையில் எழுத்தர் மெதுவாக ஒரு பெயரை வாசிப்பார்; நீண்ட மௌனம்; இன்னொரு பெயர். அவையில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். கோரத்துக்கு, அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகைக்கு, 51 பேர் வேண்டும் என்பதால் ‘கோரம் இல்லாமல் செனட் முடங்கியது’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். பேச்சுவார்த்தை முடியவோ அடுத்த பேச்சாளர் வந்து சேரவோ நேரம் வேண்டும்போது, அவையை நிறுத்திவைக்கும் வழக்கமான வழி அது. யாராவது வந்து, கோரம் அழைப்பைக் கைவிட ஒப்புதல் கேட்டதும் வேலை தொடரும். செவ்வாய்க்கிழமைகளில் கட்சிகளின் மதிய உணவுக் கூட்டத்துக்காகப் பெரும்பாலும் 12.30 முதல் 2.15 வரை அவை கலைந்திருக்கும். அப்போது திரை வெறுமையாக இருப்பதற்கும் பொருள் ஒன்றுமில்லை.

## 10. மசோதா: எதன் மீது வாக்கெடுப்பு என்று முழுப் பெயரையும் படியுங்கள்

செனட்டில் மசோதாவை எடுத்துக்கொள்வதற்கே ஒரு பிரேரணை உண்டு. அந்தப் பிரேரணையையும் பேசியே இழுத்தடிக்கலாம். ஆகவே ஒரு மசோதாவுக்கு இரண்டு க்ளோச்சர் வரலாம்: எடுத்துக்கொள்ளும் பிரேரணைக்கு ஒன்று, மசோதாவுக்கே ஒன்று. இரண்டிலும் 60 வேண்டும். இறுதி நிறைவேற்றத்துக்கோ பெரும்பான்மையே போதும். ‘நிறைவேற 60 வாக்கு தேவை’ என்ற வாசகம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறது.

2025 நவம்பரில் அரசு முடக்கம் முடிந்த நாட்களைக் கவனியுங்கள். நிதியொதுக்கீட்டு மசோதாவை எடுத்துக்கொள்வதற்கான க்ளோச்சர் பலமுறை தோற்றபின், நவம்பர் 9 ஞாயிறு இரவு 60க்கு 40 என்று வென்றது. நமக்கு அது திங்கட்கிழமை காலை. ‘முடக்கம் முடிந்தது’ என்று தலைப்புகள் பறந்தன. செனட் மசோதாவை நிறைவேற்றியது 10ஆம் தேதி, அதே 60க்கு 40. பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டது 12ஆம் தேதி இரவு. முதல் நாள் தலைப்பு மூன்று நாள் முந்திவிட்டது.

தோற்ற க்ளோச்சரில் பெரும்பான்மைத் தலைவரே ‘இல்லை’ என்று வாக்களித்திருப்பதைப் பார்த்து, சொந்தக் கட்சிக்கு எதிராகத் திரும்பிவிட்டார் என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பிடித்தோம். ஒரு முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை, வென்ற பக்கம் வாக்களித்தவருக்கு உண்டு. தோல்வி உறுதியானதும் தலைவர் தம் வாக்கை மாற்றிக்கொள்வது, அதே வாக்கெடுப்பை மறுபடி கொண்டுவரும் கதவைத் திறந்துவைக்கத்தான்.

மசோதா எண்ணின் முன்னொட்டையும் பாருங்கள். செனட்டின் தனித்தீர்மானம் அந்த அவையின் கருத்தை மட்டுமே சொல்லும். குடியரசுத் தலைவரிடம் போகாது, சட்டமும் ஆகாது. கூட்டுத் தீர்மானம் மசோதாவைப் போலவே சட்டமாகும்.

## 11. வாக்கு அட்டவணையை மூன்று கேள்விகளோடு படியுங்கள்

கேள்வி எதன் மீது, தேவைப்பட்ட அளவு என்ன, வாக்களிக்காதவர் எத்தனை பேர். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். மசோதா மீதான க்ளோச்சருக்குப் பதவியில் உள்ள உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். அதாவது வராதவரும் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். 59க்கு 38 என்றாலும் தோல்விதான். நியமனத்தில் வந்து வாக்களித்தவர்களின் கணக்கே கணக்கு. 48க்கு 45 போதும்.

ஒப்பந்தங்களுக்கு அவையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அங்கேயும் செனட் ஒப்பந்தத்தை ‘ஏற்புறுதி’ செய்வதில்லை. குடியரசுத் தலைவர் ஏற்புறுதி செய்ய இசைவு தருகிறது.

வாக்கெடுப்பு முடிந்தவுடன் ‘மறுபரிசீலனைக் கோரிக்கை செய்யப்பட்டதாகக் கருதி மேசையில் வைக்கப்படுகிறது’ என்ற வாசகம் வரும். புதிய சர்ச்சை எதுவும் இல்லை. முடிவை மறுபடி கிளறும் வழியை அடைத்துப் பூட்டுகிறார்கள்.

## 12. கடைசிப் பத்து நிமிடத்துக்கு விழித்திருங்கள்

மாலையில் பேச்சாளர்கள் ஓய்ந்து அவை காலியானபின் நடப்பதை அவை ஊழியர்கள் ‘ராப்-அப்’ என்பார்கள். ஒரே ஒரு உறுப்பினர் கையில் தாள்களோடு நின்று, மூச்சுவிடாமல் வாசிப்பார்: இந்த மசோதாவைக் குழுவிலிருந்து விடுவிக்கிறோம், நிறைவேற்றுகிறோம், காலண்டரில் இந்த எண்கள் அனைத்தையும் ஒன்றாக உறுதிப்படுத்துகிறோம், இந்தத் தீர்மானங்களை ஏற்கிறோம். ‘ஆட்சேபம் இல்லாததால் அவ்வாறே ஆணையிடப்படுகிறது’ என்று தலைமை இருக்கை பதில் சொல்லும்.

பெயர் சொல்லி வாக்கெடுக்காததால் வாக்கு அட்டவணையில் இவற்றின் சுவடே இருக்காது. பகல் முழுவதும் நேரலை பார்த்துவிட்டுக் கடைசி வாக்கெடுப்போடு எழுந்து போனவர் அன்று நிறைவேறிய மசோதாக்களில் பெரும்பகுதியைத் தவறவிட்டிருக்கலாம். இத்தனை சுலபமாக முடிவதற்குக் காரணம், ‘ஹாட்லைன்’ வழியாக எல்லா அலுவலகங்களிடமும் பகலிலேயே சம்மதம் கேட்கப்பட்டிருப்பதுதான்.

வாசிக்கும் வேகத்தில் எண்களைப் பிடிக்க முயலாதீர்கள். மறுநாள் பதிவேட்டில் இருக்கும். அடுத்த நாளின் நேரத்தையும் முதல் அலுவலையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 3ஆம் படிக்கு அது வேண்டும்.

## 13. மறுநாள் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்

டெய்லி டைஜஸ்டில் நிறைவேறிய மசோதாக்கள், உறுதியான நியமனங்கள், வந்த நியமனங்கள் என்று தனித் தலைப்புகள் உண்டு. உங்கள் இரு பத்தித் தாளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். ‘வந்தவை’ பட்டியலை ‘உறுதியானவை’ என்று வாசித்துவிடும் பிழை அவசரத்தில் நடக்கும். தலைப்பை இரண்டு முறை படியுங்கள்.

உரையை மேற்கோள் காட்டும்போது பக்கத்தில் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி இருந்தால் அந்த உரை அவையில் பேசப்படவில்லை, எழுத்தில் கொடுக்கப்பட்டது. ‘அவையில் முழங்கினார்’ என்று எழுதினால் வேடிக்கையாகிவிடும்.

## 14. அலுவலே இல்லை என்று அறிவித்த நாளையும் விடாதீர்கள்

நீண்ட விடுப்புக் காலத்தில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை பெயரளவுக்கு ஓர் அமர்வு நடக்கும். ஓர் உறுப்பினர் வந்து சுத்தியலைத் தட்டி, சில நொடிகளில் ஒத்திவைத்துவிட்டுப் போவார். அவை விடுப்பில் இருக்கிறது என்று சொல்லிக் குடியரசுத் தலைவர் தற்காலிக நியமனம் செய்துவிடாமல் தடுக்கும் உபாயமாக இது வளர்ந்தது. இந்த அமர்வுகளும் அமர்வுகளே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எந்த அலுவலும் நடக்காது என்று முன்கூட்டியே ஆணை இருக்கும். இருந்தாலும் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 2011 டிசம்பர் 23 அன்று அத்தகைய ஓர் அமர்வில்தான், சம்பள வரிக் குறைப்பை நீட்டிக்கும் மசோதாவை ஒருமனதான ஒப்புதலால் செனட் நிறைவேற்றியது. அலுவல் கூடாது என்று ஒருமனதாக ஆணையிட்ட அவை, ஒருமனதாகவே அதை மாற்றிக்கொண்டது.